"வெளியில சொல்லாதீங்க, ஜெபிக்கத்தான் சொல்றேன்": நாவைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆராதனை முடிந்து ஆலய வராந்தாவில் நடக்கும் பத்து நிமிடப் பேச்சு, உள்ளே கேட்ட பிரசங்கம் முழுவதையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். சபை வாழ்க்கையில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் நாவின் பாவத்தை நாம் பாவக்கணக்கில் சேர்ப்பதில்லை. குடித்தவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைத்த சபைகள் உண்டு. கோள் சொன்னதற்காக ஒருவரை விலக்கிவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பவுலோ ரோமர் முதல் அதிகாரத்தில் பாவங்களை அடுக்கும்போது, புறங்கூறுகிறவர்களைக் கொலை, வஞ்சகம் என்ற வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறார்.

நம் வாயிலிருந்து வரும் வார்த்தையின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது அந்த இடத்தில் இல்லாத ஒருவர்தான். "இது அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்?" என்று யோசிக்கப் பழகுவதுதான் நாவடக்கம். அந்தப் பழக்கத்தை எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். "நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது" என்று யாக்கோபு எழுதியிருக்கிறார் (3:8). அவரே அதற்கு முன், "ஒருவன் சொல்தவறாதவனானால் அவன் பூரணபுருஷன்" என்றும் எழுதுகிறார் (3:2). முதல் வசனம் நம்மை ஜெபத்துக்குத் தள்ளுகிறது, இரண்டாவது முயற்சிக்குத் தள்ளுகிறது. இரண்டும் வேண்டும்.

முதல் படி: வார்த்தையின் வல்லமை எது, எது இல்லை என்று தெளிவாகுங்கள்

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" (நீதிமொழிகள் 18:21). இந்த வசனத்தைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். ஆனால் இதை வைத்து இரண்டு விதமான போதனைகள் நம் சபைகளில் ஓடுகின்றன.

ஒன்று, நீதிமொழிகள் புத்தகமே சொல்வது. அந்தப் புத்தகம் முழுவதும் வார்த்தை மனிதர்மேல் செய்யும் வேலையைப் பற்றிப் பேசுகிறது: "பட்டயக்குத்துகள்போல் பேசுகிறவர்களும் உண்டு, ஞானமுள்ளவர்களுடைய நாவோ ஔஷதம்" (12:18). "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" (15:1). சாட்சிக்கூண்டில் சொன்ன ஒரு பொய் ஒருவனைக் கொல்லும். ஏற்ற சமயத்தில் சொன்ன ஒரு சொல் ஒருவனைப் பிழைக்கவைக்கும்.

இன்னொன்று, அமெரிக்காவில் கெனியன், கென்னத் ஹேகின் போன்ற போதகர்கள் வழியாகப் பரவி, கன்வென்ஷன் மேடைகள் மூலமாகவும் டிவி மூலமாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தது. வாயால் அறிக்கை செய்வது நடந்தே தீரும் என்கிறது அது. "எனக்குக் காய்ச்சல்" என்று சொல்லக்கூடாது, சொன்னால் காய்ச்சலுக்கு இடம் கொடுத்துவிட்டாய். "கடன் இருக்கிறது" என்று சொல்லக்கூடாது, சொன்னால் கடன் நிற்கும்.

இந்த இரண்டாவது போதனையை நான் ஏற்கவில்லை. காரணம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. இது சரியென்றால் சங்கீதப் புத்தகத்தில் ஒரு பெரும் பகுதியைக் கிழித்தெறிய வேண்டும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது தாவீதின் வாயிலிருந்து வந்த ஜெபம். சிலுவையில் ஆண்டவரும் அதையே சொன்னார். எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசிவரை விடிவு காணாமல் இருட்டிலேயே முடிகிறது. தேவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது அவிசுவாசம் அல்ல. நாளைக்கு இந்தப் பட்டணத்துக்குப் போய் வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று அடித்துப் பேசுகிறவர்களைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார், ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சொல்லும்படி கற்றுக்கொடுக்கிறார் (4:13-15).

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. புற்றுநோயோடு படுத்திருக்கிறவரிடம் போய், "நீங்க வாயால வியாதின்னு சொல்றதுனாலதான் சுகம் வரல" என்று சொல்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள். வார்த்தையின் வல்லமையைப் போதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நோயாளியின்மேல் வார்த்தையால் கல்லெறிகிறார்கள்.

சாபத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாமியாரோ சொந்தக்காரரோ கோபத்தில் விட்ட சாபம் குடும்பத்தைத் துரத்துகிறது என்று தூக்கமில்லாமல் இருக்கிறவர்கள் நம்மிடையே அதிகம். "காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" (நீதிமொழிகள் 26:2). பறவை பறந்துபோவதுபோல் அது போய்விடும் என்கிறது வசனம். அந்தச் சாபம் உங்கள் மனதில் விட்ட காயத்துக்கு ஜெபமும் ஆறுதலும் தேவைப்படலாம். காசு வாங்கிக்கொண்டு சாபம் முறிக்கிற கூட்டங்கள் தேவையில்லை.

இரண்டாம் படி: ஒரு வாரம் உங்கள் பேச்சைக் கவனியுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். கவனித்தால் போதும். இரவு படுக்கும் முன், அன்றைக்கு யாரைப் பற்றிப் பேசினீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதுங்கள். அவர் அங்கே இருந்தாரா, இல்லையா? அவர் கேட்டிருந்தால் முகம் வாடியிருக்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்.

இடங்களையும் கவனியுங்கள். எல்லா இடத்திலும் நமக்கு வாய் தவறுவதில்லை. சிலருக்கு ஃபோனில், சிலருக்கு அசனப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, சிலருக்குக் கமிட்டி கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது. கணவன் மனைவிக்குள் பேசுவது கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள். "போதகர் பிரசங்கம் இன்னைக்கும் சரியில்ல" என்று ஞாயிறு மதியச் சாப்பாட்டில் பேசிப் பேசித்தான் பல வீடுகளில் பிள்ளைகள் சபையைவிட்டு மனதளவில் போயிருக்கிறார்கள்.

அந்த வாரம் முழுவதும் காலையில் ஒரே ஜெபம் போதும்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்" (சங்கீதம் 141:3). எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த பாம்போ என்ற துறவியைப் பற்றிப் பழைய சபை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அவர் ஒரு சங்கீதம் கற்றுக்கொள்ளப் போனார். "என் நாவினால் பாவஞ்செய்யாதபடிக்கு நான் என் வழிகளைக் காப்பேன்" என்று தொடங்கும் முப்பத்தொன்பதாம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கேட்டதும், இது போதும், இதைச் செய்து பழகிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். பல மாதம் கழித்து, ஏன் வரவில்லை என்று கேட்டபோது, இன்னும் அந்த வசனத்தையே கற்று முடிக்கவில்லை என்றாராம். நமக்கும் அவசரமில்லை.

மூன்றாம் படி: "உண்மையைத்தானே சொன்னேன்" என்ற சாக்கை விட்டுவிடுங்கள்

கவனித்த வாரம் முடிந்ததும், பார்த்ததை வகைப்படுத்த வேண்டும். பொய் சொல்வது பாவம் என்பது எல்லாருக்கும் தெரியும். திட்டுவதும் தெரியும். தெரியாமல் போவது, உண்மையைச் சொல்லியே ஒருவரை அழிப்பது. 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதைத் தனியாகவே பிரித்துச் சொல்கிறது: பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒரு பாவம், தகுந்த காரணமில்லாமல் ஒருவருடைய உண்மையான குறையைத் தெரியாதவர்களிடம் சொல்வது இன்னொரு பாவம். போதிய ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று மனதுக்குள் முடிவுகட்டுவதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது.

தோவேக்கின் கதையை நிதானமாக வாசியுங்கள் (1 சாமுவேல் 21, 22). சவுலுக்குப் பயந்து ஓடுகிற தாவீது, நோபு ஊரிலுள்ள ஆசாரியன் அகிமெலேக்கிடம் வருகிறான். ராஜா ஒரு இரகசிய வேலையாகத் தன்னை அனுப்பினார் என்று சொல்லி அப்பமும் பட்டயமும் வாங்குகிறான். அகிமெலேக்கு அதை நம்பிக் கொடுக்கிறான். ஏதோமியனாகிய தோவேக்கு அங்கே நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். பிறகு சவுல் தன் ஊழியக்காரர்களிடம் புலம்பும்போது தோவேக்கு வாய் திறக்கிறான்: ஈசாயின் மகன் தாவீது அகிமெலேக்கிடம் வந்ததைக் கண்டேன், இவன் அவனுக்காகக் கர்த்தரிடத்தில் விசாரித்தான், சாப்பாடு கொடுத்தான், கோலியாத்தின் பட்டயத்தைக் கொடுத்தான்.

ஆசாரியன் அப்பமும் பட்டயமும் கொடுத்தது நடந்த காரியம்தான். ஆனால், ராஜாவின் வேலையாக வந்தேன் என்று தாவீது சொன்னதையும், ஆசாரியன் ராஜாவுக்குச் செய்வதாக நினைத்துத்தான் கொடுத்தான் என்பதையும் தோவேக்கு சொல்லவில்லை. விட்டுப்போன அந்த ஒன்றில்தான் அகிமெலேக்கின் உயிர் இருந்தது. அன்றைக்கு ஏபோத்து என்ற ஆசாரிய உடை தரித்த எண்பத்தைந்து பேர் கொல்லப்பட்டார்கள். நோபு ஊர் அழிந்தது.

நம் ஊர்ப் பேச்சிலும் இப்படித்தான். "அந்தப் பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோல வந்து இறங்கினா, நானே பார்த்தேன்." பார்த்தது உண்மைதான். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணை இருந்துவிட்டு வந்தாள் என்பது அதில் இல்லை. பார்த்ததைச் சொல்லும்போது பார்க்காதது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வாய்க்கு முன்னால் காதைக் காத்துக்கொள்ளுங்கள்

கேட்பவர் இல்லாமல் கோள் இல்லை. "விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" (நீதிமொழிகள் 26:20). விறகை நாம் காதால் வாங்கி வைக்கிறோம்.

ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனோடு நெடுங்காலம் வாழ்ந்த பொசிதியுஸ் ஒரு செய்தியை எழுதிவைத்திருக்கிறார். அகுஸ்தீன் சாப்பிடும் மேசையில் இரண்டு வரிச் செய்யுள் ஒன்று இருக்கும். இல்லாதவர்களைப் பற்றிக் குறை பேச விரும்புகிறவனுக்கு இந்த மேசையில் இடமில்லை என்பது அதன் பொருள். ஒருமுறை நெருக்கமான சக ஆயர்களே அதை மறந்து பேச ஆரம்பித்தபோது, இந்த வரிகளை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுந்து என் அறைக்குப் போய்விடுவேன் என்று கடுமையாகச் சொன்னாராம். விருந்தாளிகள் ஆயர்கள்தானே என்று அவர் விட்டுவிடவில்லை.

நமக்கு எழுந்துபோகும் துணிவு உடனே வராது. முதலில் கைவசம் சில வாக்கியங்கள் வைத்துக்கொள்ளுங்கள். யோசித்து வைக்காவிட்டால் அந்த நேரத்தில் வாய் "அப்படியா? அப்புறம்?" என்றுதான் கேட்கும்.

வயதில் மூத்தவர் சொன்னால்: "அத்தை, அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது, விட்டுருவோம். உங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நண்பர் சொன்னால்: "இதை அவன்கிட்டயே கேட்டியா? கேக்கலன்னா வா, நானும் கூட வர்றேன்." பெரும்பாலான பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் உண்மையிலேயே ஒரு பிரச்சினை இருக்கிறது என்று பொருள், அதற்கு ஏழாம் படி இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவெடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்குத் தாவீதே உதாரணம். தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது, சவுலின் பேரனான மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா வந்து, மேவிபோசேத் உமக்குத் துரோகம் செய்துவிட்டான் என்றான். தாவீது அந்த இடத்திலேயே மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் சீபாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டான். திரும்பி வந்தபோது, காலைச் சுத்தம் செய்யாமல், தாடியைச் சீர்ப்படுத்தாமல் துக்கத்தோடு வந்து நின்றான் மேவிபோசேத். கால் முடமான தன்னை வேலைக்காரன் ஏமாற்றிவிட்டுப் போனதைச் சொன்னான் (2 சாமுவேல் 16, 19). பேசிய வார்த்தையை ராஜாவாலும் முழுதாகத் திரும்ப எடுக்க முடியவில்லை, நிலத்தைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னான். "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்ற வசனத்தை (நீதிமொழிகள் 18:17) ஒவ்வொரு சபைக் கமிட்டி மேசையிலும் எழுதிவைக்கலாம்.

ஐந்தாம் படி: ஜெபக்குறிப்பைச் சுத்தப்படுத்துங்கள்

நம்மிடையே கோளுக்குப் போடும் மிக அழகான சட்டை ஜெபக்குறிப்பு. "வெளியில சொல்லாதீங்க, ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கிற வாக்கியம் எப்படி முடியும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். "அவங்க வீட்டுல சமாதானம் இல்ல… அந்தத் தம்பி மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டாராம்… பாவம் அந்த அக்கா…" ஜெபக்கூட்டத்தில் பன்னிரண்டு பேர் கேட்டிருப்பார்கள். மறுநாள் காலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் "அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று வரும். எந்தக் குடும்பம் என்று நாலு பேர் தனியாகக் கேட்பார்கள்.

மூன்று கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன். ஒரு குழுவாகச் சேர்ந்து இதை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேளுங்கள்: "உங்க விஷயத்தை ஜெபத்துல சொல்லலாமா? எவ்வளவு சொல்லட்டும்?" கேட்க முடியாத நிலை என்றால் பெயரும் விவரமும் வேண்டாம். "கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்காக" என்றாலே போதும். தேவனுக்கு முகவரி தெரியும்.

யாராவது உங்களிடம் ஜெபக்குறிப்பு சொன்னால், அங்கேயே அப்பொழுதே ஜெபியுங்கள். "சரி, வாங்க, இப்பவே ரெண்டு பேரும் ஜெபிப்போம்." சொன்னவருக்கு மெய்யான பாரம் இருந்தால் சந்தோஷப்படுவார். இல்லாவிட்டால், அடுத்த தடவை உங்களிடம் கொண்டுவர மாட்டார்.

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பிறர் விஷயத்தை அனுப்பவே வேண்டாம். முன்பெல்லாம் வாயில் பிறந்த பேச்சு காற்றோடு போனது, மறுத்துப் பேசவாவது வழி இருந்தது. இப்போது உங்கள் குரலே, நீங்கள் பார்த்தே இராத ஆட்களின் ஃபோனில் வருஷக்கணக்காகக் கிடக்கும். தேர்தல் சமயத்தில் சபைகளில் சுற்றும் மொட்டைக் கடிதத்தின் இடத்தை இன்று இந்த ஃபார்வர்டுகள் பிடித்திருக்கின்றன. பெயர் போட்டு எழுத முடியாததை அனுப்புவதும் கையெழுத்தில்லாக் கடிதம் எழுதுவதும் ஒரே பாவம்தான்.

ஆறாம் படி: வீட்டுக்குள் கோபம் வரும் நேரம்

வெளியில் நாவை அடக்கத் தெரிந்தவர்கள்கூட வீட்டுக்குள் அடக்குவதில்லை. "சனியனே", "தரித்திரம்", "நீ உருப்படவே மாட்ட", "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்று பிள்ளைகளைப் பேசிவிட்டு, ராத்திரி அதே வாயால் குடும்ப ஜெபம் செய்கிறோம். "துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது. என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது" (யாக்கோபு 3:10). அந்த வார்த்தைகள் மந்திரமாகப் பலிக்காது என்று முதல் படியில் சொன்னேன். ஆனால் பிள்ளை அதை நம்பும். பரீட்சையில் தோற்ற அன்றைக்கு, தன்னைப் பற்றி அப்பா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொள்ளும். "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று பவுல் தகப்பன்மாருக்கு எழுதியது இதற்காகத்தான் (கொலோசெயர் 3:21).

செய்ய வேண்டியது: செய்கையைக் கண்டியுங்கள், பிள்ளைக்குப் பட்டம் கட்டாதீர்கள். "நீ பொய்யன்" என்பதற்குப் பதில், "நேத்து நீ சொன்னது பொய், ஏன் சொன்ன?" இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியும், மன்னிப்புக் கேட்க முடியும். முதலாவதை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்?

கணவன் மனைவிக்குள் நேரம் பார்ப்பது பாதி வெற்றி. அபிகாயிலைப் பாருங்கள். அவள் கணவன் நாபால் தாவீதின் ஆட்களுக்குச் சொன்ன முரட்டுப் பதிலால் தாவீதோடு நானூறு பேர் பட்டயத்தோடு வருகிறார்கள். அவள் ஓடிப்போய்த் தாவீதின் காலில் விழுந்து பேசி, ஒரு வீட்டையே காப்பாற்றிவிட்டுத் திரும்புகிறாள். நாபாலோ விருந்தில் வெறித்துக் கிடக்கிறான். அந்த இரவில் அவள் சிறிய காரியமானாலும் பெரிய காரியமானாலும் ஒன்றையும் அவனிடம் சொல்லவில்லை. பொழுது விடிந்து வெறி தெளிந்தபின்தான் சொன்னாள் (1 சாமுவேல் 25:36, 37). நியாயம் முழுவதும் அவள் பக்கம் இருந்தும் காலைவரை காத்திருந்தாள். பசியோடும் அலுப்போடும் வந்தவரிடம் வாசலிலேயே கணக்குக் கேட்காதீர்கள். சாப்பிட்டு முடியட்டும்.

ஏழாம் படி: குறை உண்மையிலேயே இருந்தால்

நாவடக்கம் என்றால் எதையும் கேட்காமல் விழுங்குவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்றார் (மத்தேயு 18:15). கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் சபை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குத் தெரியும், அப்புறம் கமிட்டிக்கு, கடைசியில் சம்பந்தப்பட்டவருக்கு.

போய்ப் பேசும்போது தீர்ப்போடு போகாமல் கேள்வியோடு போங்கள். யோர்தானுக்கு அக்கரையில் ரூபன், காத், மனாசேயின் பாதிக்கோத்திரத்தார் பெரிய பலிபீடம் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டதும், மற்ற இஸ்ரவேலர் யுத்தத்துக்கே கூடிவிட்டார்கள். ஆனால் கிளம்பும் முன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரித்தார்கள். அது பலியிட அல்ல, நாங்களும் உங்கள் தேவனைச் சேர்ந்தவர்கள் என்பதற்குச் சாட்சியாகக் கட்டியது என்று தெரிந்தது (யோசுவா 22). சகோதர யுத்தம் ஒரு கேள்வியால் நின்றது. "நான் இப்படிக் கேள்விப்பட்டேன், உண்மை என்னன்னு உங்க வாயால தெரிஞ்சுக்க வந்தேன்" என்று தொடங்கினால் போதும்.

1752 ஜனவரியில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவரோடு ஊழியம் செய்தவர்களும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் தீமையானதைக் கேட்கவும் விசாரிக்கவும் மாட்டோம். கேட்க நேர்ந்தாலும் உடனே நம்ப மாட்டோம். கேட்டதைக் கூடிய சீக்கிரம் சம்பந்தப்பட்டவருக்கே சொல்வோம் அல்லது எழுதுவோம். அதுவரை வேறு யாரிடமும் ஒரு எழுத்துக்கூடப் பேச மாட்டோம். அதன்பிறகும் பேச மாட்டோம். மெதடிஸ்ட் இயக்கம் கருத்து வேறுபாடுகளோடு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பாடற்குழு, வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம் என எந்தக் குழுவானாலும் இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது வரிதான் மிகக் கடினமானது. அதைச் செய்கிற குழு நிலைக்கும்.

எட்டாம் படி: வாய் மூடுவது பாவமாகும் இடம்

நாவடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விட்டதால் பிள்ளைகளும் பெண்களும் அழிந்திருக்கிறார்கள்.

ஒரு குழந்தையிடம் யாரோ தவறாக நடந்தார் என்று தெரிந்தால், அதைப் போலீசிடம் சொல்வது புறங்கூறுதல் அல்ல. அவர் போதகராக இருந்தாலும், ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தாலும், நம் சொந்த இரத்தமாக இருந்தாலும் அப்படித்தான். "முதல்ல தனியா போய்ப் பேசுங்க" என்று மத்தேயு 18-ஐ இங்கே காட்டக்கூடாது. இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 1098 என்ற இலவச எண்ணில் சிறுவர் உதவி கிடைக்கும். அடி வாங்கிக்கொண்டிருக்கிற மனைவி தன் நிலையை வெளியே சொல்வதும், சபைப் பணத்தில் கை வைத்ததைக் கணக்கோடு பொதுக்குழுவில் கேட்பதும் கோள் அல்ல. "சபையின் நாமம் கெட்டுப்போகும்" என்று சொல்லி வாயை அடைப்பவர்கள், பாதிக்கப்பட்டவர்மேல் இரண்டாவது பாவத்தைச் செய்கிறார்கள்.

"ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" (நீதிமொழிகள் 31:8). இதுவும் கட்டளை. கோளையும் இதையும் பிரித்துக்காட்ட ஒரு கேள்வி உதவும்: நான் யாரிடம் சொல்கிறேன்? தடுக்கவோ காப்பாற்றவோ அதிகாரம் உள்ளவரிடமா, அல்லது கேட்டு "உச்சு" கொட்டுகிறவரிடமா?

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு, சீர்திருத்தவாதி லுத்தர் 1529-ல் தம் சிறிய ஞானோபதேசம் என்ற போதனை நூலில் எழுதிய விளக்கத்திலும் இதே இரண்டு பக்கமும் இருக்கிறது. பிறனைக் காட்டிக்கொடுக்காதே, பெயரைக் கெடுக்காதே என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்ததை நல்ல விதமாகவே எடுத்துக்கொள் என்கிறார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முந்நூறு வருடமாக நம் மொழியில் இருக்கிற போதனை இது.

ஒன்பதாம் படி: உயிர் தரும் வார்த்தையைப் பழகுங்கள்

துக்க வீட்டில் தொடங்குங்கள், அங்கேதான் நாம் அதிகம் தவறுகிறோம். "தேவனுக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்", "எல்லாம் நன்மைக்குத்தான்", "அழக்கூடாது, சாட்சி கெட்டுப்போகும்": பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதில் ஒன்றையும் சொல்லாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த மிகச் சிறந்த காரியம் அதுதான். வாய் திறந்தபிறகு அவர்களை யோபு, "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றான். போய் உட்காருங்கள். காபி போட்டுக் கொடுங்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல விஷயத்தைப் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். ஒரு மாதம் கழித்து, கூட்டம் கலைந்தபின், மறுபடி போங்கள்.

பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு ஆசீர்வாதம். பள்ளிக்குப் போகும்போது தலையில் கை வைத்து, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" (எண்ணாகமம் 6:24). பத்து விநாடிகூட ஆகாது. வளர்ந்த பையன் வெட்கப்படுவான், விட்டுவிடாதீர்கள்.

பாராட்டும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லா பண்ணீங்க" என்பது சீக்கிரம் மறந்துபோகும். "பாட்டியம்மாவுக்குப் படி இறங்கும்போது நீ கை கொடுத்தியே, பார்த்தேன்" என்பது நிற்கும்.

பத்தாம் படி: சொல்லிவிட்டதைச் சரிசெய்தல்

எவ்வளவு காத்தும் வாய் தவறும். தவறியபின் ஆண்டவரிடம் அறிக்கை செய்வதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. பணத்தைத் திருடினவன் ஜெபித்துவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. சகேயு நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பேன் என்றான். பெயரைத் திருடினவனும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்று பட்டியல் போடுங்கள். சொன்னது பொய்யென்றால் ஒவ்வொருவரிடமும் போய், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நான் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்று சொல்லுங்கள். "யாரோ சொன்னாங்க, நான் நம்பிட்டேன்" என்று பழியைத் தள்ளிவிட வேண்டாம். குழுவில் போட்டிருந்தால் அதே குழுவில் மறுப்பையும் போடுங்கள். சொன்னது உண்மையாகவே இருந்து, சொல்லியிருக்கக் கூடாது என்றால், "அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல, தயவுசெஞ்சு நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேளுங்கள்.

பிறகு சம்பந்தப்பட்டவரிடம். இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். நீங்கள் பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்தால் கட்டாயம் போய் மன்னிப்புக் கேளுங்கள். எட்டவில்லை என்றால், உங்கள் மனச்சாட்சி இலகுவாக வேண்டும் என்பதற்காக அவர்மேல் புதுக் காயத்தை ஏற்றாதீர்கள். முதலில் நம்பிக்கையான ஒரு போதகரிடமோ பாவசங்கீர்த்தனத்திலோ பேசி ஆலோசனை கேட்டபின் முடிவெடுங்கள். கேட்கும்போது "உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க" என்று சொல்லாமல், "நான் இதைச் சொன்னேன், அது தப்பு, மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். அவர் உடனே மன்னிக்காமல் போகலாம். மன்னிப்பது அவர் கையில் இருக்கிறது, அதற்கு நாள் குறிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆறு மாதம் கழித்துத் தெருவில் பார்த்தால் நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள்.

அவர் இறந்துபோயிருந்தாலும் பட்டியல் ரத்தாகாது. சொன்ன வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவருடைய பிள்ளைகள் அதே ஊரில் அதே சபையில்தான் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குப் போய், அவர்களுடைய அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ நீங்கள் சொன்னதை உங்கள் வாயாலேயே திருத்திவிட்டு வாருங்கள்.